"படுக்கத்தானே ரூம்?"

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். நம் இளைய உறுப்பினர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். "ஸார், நீங்கள் டில்லிக்கு நாலைந்து தடவை போய் வந்தவர். எங்கள் பெண்ணுக்கு ஒன்றரை வயசாகிறது. முதல் தடவையாகக் குடும்பத்தோடு ஒரு வாரம் போய்வரலாம் என்று இருக்கிறோம். தங்குவதற்கு நல்ல ஓட்டலாக ஒன்று சொல்லுங்களேன்" என்றார்.

பழைய பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. "ஓட்டலில் என்ன இருக்கிறது? படுக்கத்தானே ரூம்? ஸ்டேஷனுக்குப் பக்கமாக, சுத்தமாக, மலிவாக ஒன்று பார்த்துப் போடுங்கள்." முப்பது வருஷமாக யார் கேட்டாலும் நான் சொல்லி வந்தது இதுதான். அன்று சொல்லவில்லை. "ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள், விவரமாகப் பேசுவோம்" என்று அனுப்பிவிட்டேன். அவரிடம் பேசியதையும், பேசக் கூச்சப்பட்டு விழுங்கிவிட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கைக்குழந்தையோடு பெரிய ஊர் பார்க்கக் கிளம்பும் குடும்பங்கள் நம் சங்கத்தில் நிறைய இருக்கின்றன.

கோளாறு நம் பேச்சிலேயே இருக்கிறது. நமக்கு ஓட்டல் என்றால் சாப்பிடுகிற இடம். தங்குகிற இடத்துக்குப் பெயர் லாட்ஜ். லாட்ஜில் யாராவது உட்காருவார்களா? பெட்டியை வைத்துப் பூட்டிவிட்டுக் கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ கிளம்பவேண்டியது, ராத்திரி வந்து சாயவேண்டியது. என் தலைமுறைக்காரர்கள் பம்பாய்க்கு வந்த புதிதில் மாதுங்காவில் ஓர் அறையில் ஆறு பேராகப் பாய் விரித்தவர்கள். அறை என்பது முதுகை நீட்ட ஓர் இடம் என்பது எங்கள் எலும்பில் ஊறிய எண்ணம். தனியாள் பயணத்துக்கு இன்றைக்கும் அதில் தப்பில்லை.

ஆனால் கூட ஒரு சின்னக் குழந்தை வந்தால் கணக்கு மாறிவிடுகிறது. ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கமும் சேர்த்து ஒரு நாளில் 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. அதோடு குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது, துணி மாற்றுவது, ஒன்றுமில்லாமல் அழுவது எல்லாவற்றையும் கூட்டுங்கள். ஒரு நாளில் பதினாறு மணி நேரத்துக்குக் குறையாமல் அறையில்தான் போகிறது. குழந்தை தனியாக அறையில் இருக்க முடியாது. கூட ஒருவர் இருக்கவேண்டும். அந்த ஒருவர் யார்? நம் வீடுகளில் இதற்கு விடை சொல்லத் தேவையில்லை. ஆக, ஓட்டல் பார்க்கும்போது குழந்தையின் தாய் அந்த விடுமுறையை எங்கே, எப்படிக் கழிக்கப்போகிறாள் என்பதையும் நாம் சேர்த்தே முடிவு செய்கிறோம். "படுக்கத்தானே ரூம்" என்று சொல்கிறவர் பெரும்பாலும் பகலில் அந்த அறையில் இருக்கப்போகாதவர். நானும் அப்படிப்பட்டவனாகத்தான் இருந்தேன்.

2018 டிசம்பரில் நாங்கள் ஐந்து பேர் டில்லிக்குப் போனோம்: நான், என் மனைவி, மகன், மருமகள், பதினேழு மாதப் பேரன். ஓட்டல் தேர்வு என் பொறுப்பு. கரோல் பாகில் மெட்ரோவுக்கு நடக்கும் தூரத்தில் ரூ. 1,900 வாடகைக்கு ஓர் இடம் பிடித்தேன். மகன் பார்த்து வைத்திருந்த இடத்தில் வாடகை ரூ. 3,300. இரண்டு அறை, ஐந்து இரவு, மொத்தம் ரூ. 14,000 மிச்சம் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். மகன் பேசவில்லை. மருமகளை யாரும் கேட்கவில்லை.

ராஜதானியில் காலை ஒன்பதேகாலுக்குப் போய் இறங்கினோம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ரயிலில் டிக்கெட் இல்லை, ஆகையால் படுக்கையும் இல்லை. தாய் மடியில் பாதித் தூக்கம் தூங்கி வந்த குழந்தை. ஓட்டலிலோ பன்னிரண்டு மணிக்குத்தான் அறை என்றார்கள். வரவேற்பறையின் வழவழப்பான சோபாவில் இரண்டு மணி நேரம் அவன் அழுதான். நான் கேட்காமல் விட்ட முதல் கேள்வி அது. நம் ஊர் லாட்ஜ்களில் பல இடத்தில் உள்ளே போன நேரத்திலிருந்து 24 மணி நேரக் கணக்கு. வடக்கே பெரிய ஓட்டல்களில் பகல் பன்னிரண்டு அல்லது இரண்டு மணிக் கணக்கு. காலை வண்டியில் குழந்தையோடு போகிறவர் முன்கூட்டியே அறை கிடைக்குமா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு அரைநாள் வாடகை தனியாகக் கேட்டாலும் கொடுத்துவிடலாம்.

அறை கிடைத்தது, நாலாம் மாடியில் ஒன்றும் இரண்டாம் மாடியில் ஒன்றுமாக. மகன் குடும்பத்துக்கு மேலே, எங்களுக்குக் கீழே. மேல் அறையில் திரையை விலக்கினால் ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்கு அப்பால் ஒரு முழத் தூரத்தில் அடுத்த கட்டடத்தின் சுவர். விளக்கை அணைத்தால் பகல் பன்னிரண்டு மணிக்கும் கும்மிருட்டு. கட்டிலோ இடுப்பு உயரம். பேரன் வீட்டில் தூளியில் தூங்கிப் பழகியவன். தூளி கட்ட ஓட்டல் அறையில் கொக்கி ஏது? முதல் ராத்திரி இரண்டு மணி நேர அழுகை. பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டினார். போதாக்குறைக்குக் கீழ்த்தளத்தில் கல்யாண ஹால். டில்லியில் குளிர்காலம் முகூர்த்த காலம். வாசலில் குதிரையும் பாண்டும், உள்ளே டீஜே. இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. விதி நாலாம் மாடி ஏறி வரவில்லை.

மூன்றாம் நாள் நானும் மனைவியும் மகனும் குதுப்மினார் போய்விட்டு மூன்றரை மணிக்குத் திரும்பினோம். "குழந்தை தூங்குகிற நேரம், நீங்க போயிட்டு வாங்க" என்று மருமகள் இருந்துவிட்டாள். மேலே போய்க் கதவைத் திறந்தேன். அறை இருட்டு. பாத்ரூம் கதவு ஒரு சாண் திறந்து, அதிலிருந்து மட்டும் வெளிச்சம். உள்ளே வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, மடியில் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு மருமகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "மாமா, மெதுவா... இப்பத்தான் தூங்கினான்" என்றாள். விளக்குப் போட்டால் குழந்தை எழுந்துவிடும். நாற்காலி கிடையாது, வராந்தா கிடையாது. கீழே எங்கள் அறை காலியாகத்தான் இருந்தது. அதன் சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

எம்.காம். படித்து, ஒரு வங்கியில் அதிகாரியாக இருக்கும் பெண். வருஷத்தில் அவளுக்குக் கிடைத்த ஒரே வார விடுமுறை அது.

மறுநாள், "எனக்கு முழங்கால் வலி, நான் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் மூவரும் போய்வாருங்கள்" என்றேன். வலி பாதி நிஜம், பாதி பொய். பதினொரு மணிக்குள் எனக்கு மூச்சு முட்டியது. குழந்தைக்கு நடக்க இடம் இல்லை. கட்டிலைச் சுற்றி நாலு அடி, அவ்வளவுதான். பால் காய்ச்ச வைத்திருந்த மின்சாரக் கெட்டிலின் ஒயர் மேஜையிலிருந்து தொங்கியது. அதை இரண்டு தடவை இழுத்தான். வேறு வழியில்லாமல் நடைபாதையில் விட்டேன். குதித்துக்கொண்டு ஓடினான். நான் செருப்பை மாட்டுவதற்குள் மாடிப்படிப் பக்கம் போய்விட்டான். படிக்கட்டின் கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே நல்ல இடைவெளி. தலையை உள்ளே விட்டுக் கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு தோளும் உள்ளே போயிருந்தது. நாலு மாடி. நான் ஓடவில்லை, கூப்பிடவும் இல்லை. கூப்பிட்டால் திரும்புவான் என்ற பயம். பின்னால் போய் ஸ்வெட்டரைக் கொத்தாகப் பிடித்து இழுத்தேன். அவன் சிரித்தான்.

இதை இன்றுவரை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. என் மகன் இந்த இதழைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறான்.

நாங்கள் ஊர் திரும்பி ஏழெட்டு வாரம் ஆகியிருக்கும். 2019 பிப்ரவரி 12ஆம் தேதி விடியுமுன், அதே கரோல் பாகில் ஓர் ஓட்டல் தீப்பிடித்து 17 பேர் இறந்துபோனார்கள். நாங்கள் தங்கியது அந்த ஓட்டல் அல்ல. ஆனால் தொலைக்காட்சியில் அந்தத் தெருவைக் காட்டியபோது என் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள். எங்கள் ஓட்டலில் இன்னொரு படிக்கட்டு இருந்ததா என்று யோசித்துப் பார்த்தேன். ஐந்து நாள் இருந்தும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

எனவே அந்த இளைஞர் ஞாயிற்றுக்கிழமை வந்தபோது ஓட்டல் பெயர் எதையும் நான் கொடுக்கவில்லை. கைமாற்றுப் பெயரால் பயனில்லை. ஒரே ஓட்டலில் தெருப் பக்கத்து அறை சொர்க்கமாகவும் உள்பக்கத்து அறை சிறையாகவும் இருக்கும். செல்பேசியில் காட்டும் படம் அந்த ஓட்டலின் மிக நல்ல அறையைத்தான் காட்டும். நமக்குக் கிடைப்பது எது என்று காட்டாது. நட்சத்திரக் கணக்கும் அப்படித்தான். அது லிப்ட் உண்டா, உணவகம் உண்டா, அறை எத்தனை பெரிது என்றெல்லாம் அளக்கிறது. குழந்தை தூங்கும்போது தாய் எங்கே உட்காருவாள் என்பதற்கு அதில் மதிப்பெண் இல்லை. முன்பதிவுக்கு முன் ஓட்டலுக்கே டெலிபோன் செய்து பேசுவதுதான் வழி. ஹிந்தியில் பேசத் தயங்குகிற பழக்கம் பம்பாய்க்காரர்களான நமக்கு இல்லையே! (நம் ஹிந்தியைக் கேட்டு டில்லிக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், பதில் சொன்னால் போதும்.)

ஜன்னல் எதைப் பார்த்துத் திறக்கிறது என்று கேளுங்கள். "ஜன்னல் உண்டா" என்று கேட்டால் போதாது. எங்களுக்கும் ஜன்னல் இருந்தது. முதல் மாடி, இரண்டாம் மாடிக்குமேல் வேண்டாம் என்று சொல்லுங்கள். லிப்ட் நின்றாலும், நடுராத்திரியில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கவேண்டி வந்தாலும், அந்த உயரம்தான் நம்மால் முடியும். போனவுடன் பெட்டியைத் திறக்குமுன் இரண்டாவது படிக்கட்டு எங்கே, அதன் கதவு பூட்டியிருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். பூட்டியிருந்தால் சண்டை போடுங்கள். ஜன்னலுக்குக் கம்பி உண்டா, ஜன்னலை ஒட்டிக் கட்டில் கிடக்கிறதா என்பதும் அப்போதே பார்க்கவேண்டியது. கட்டிலை நகர்த்தச் சொன்னால் நகர்த்தித் தருவார்கள். அதைவிட நல்லது, கூடுதலாக ஒரு மெத்தை வாங்கித் தரையில் போட்டுக்கொள்வது. நம் குழந்தைகளுக்குத் தரைதான் பழக்கம். விழுந்தாலும் நாலு அங்குலம்.

கல்யாண ஹால் உள்ள ஓட்டலை நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை குழந்தையோடு தொடவே கூடாது. குளிர்காலத்தில் ஹீட்டர் தருவார்களா, அதற்குத் தனிக் கட்டணமா என்று கேட்கவேண்டும். வாளியும் சொம்பும் உண்டா என்று கேளுங்கள், சிரிக்க வேண்டாம். விலை கூடிய ஓட்டல்களில் ஷவர் மட்டும்தான் இருக்கும். ஷவரின் கீழ் ஒன்றரை வயசுக் குழந்தையைக் குளிப்பாட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் வாளியின் அருமை தெரியும். கீஸர் தண்ணீரை வாளியில் விளாவி, முழங்கையால் தொட்டுப் பார்த்து ஊற்றுவது நம் பாட்டிமார் முறை. ஷவரில் அது நடக்காது. அறையில் சமைக்கக் கூடாது என்று எழுதிப் போட்டிருப்பார்கள்; மதித்து நடப்பது நல்லது. கெட்டிலில் சேமியா உப்புமாவே கிளறிய குடும்பத்தை எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம், சங்கத்தில் இருக்கிறார்கள். குழந்தைக்குக் குழைந்த சாதமும் தயிரும் வேண்டும் என்று ஓட்டல் சமையலறையில் முதல் நாளே சொல்லி வைத்தால் பெரும்பாலும் செய்து தருகிறார்கள். அதையும் டெலிபோனிலேயே கேட்டுவிடலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், உட்கார ஓர் இடம். வராந்தாவோ, சின்ன முன்னறையோ, நடுவில் கதவு வைத்த இரட்டை அறையோ, ஏதாவது ஒன்று. குழந்தை எட்டு மணிக்குத் தூங்கியபின் விளக்கைப் போட்டுக்கொண்டு இரண்டு பேர் மெதுவாகப் பேசிக்கொண்டிருக்க ஓர் இடம். இதற்கு அதிகப் பணம் கேட்டால் மற்ற எதைக் குறைத்தாவது கொடுக்கலாம் என்பது என் கட்சி.

"பணம் உள்ளவர் பேசுகிற பேச்சு" என்று சிலர் நினைக்கக்கூடும். நான் பென்ஷன்காரன். 2018இல் மிச்சம் பிடித்த ரூ. 14,000 என்ன ஆயிற்று தெரியுமா? குழந்தை தூங்கமாட்டான் என்று நடுவில் பாதி வழியிலிருந்து டாக்ஸியில் திரும்பியது, அறையில் இருக்கமுடியாமல் எங்கெங்கோ போய்ச் சாப்பிட்டது, சளி பிடித்து டாக்டரிடம் போனது எனப் பாதிக்குமேல் கரைந்தது. கையில் உள்ள பணம் அளவானது என்றால் ஐந்து இரவை மூன்றாகக் குறையுங்கள். மோசமான அறையில் ஐந்து நாளைவிட நல்ல அறையில் மூன்று நாள் மேல். ஒன்றரை வயசுக் குழந்தைக்குச் செங்கோட்டையும் ஒன்றுதான், தெருமுனை அணிலும் ஒன்றுதான். நாம் பார்க்காமல் விட்ட இடங்கள் எங்கேயும் போய்விடா.

"டில்லியில் சொந்தக்காரர்கள் இருக்கும்போது ஓட்டல் எதற்கு?" என்ற கேள்வியும் வரும். இளைஞரின் சித்தப்பா மயூர் விஹாரில் இருக்கிறாராம், கோபித்துக்கொள்வாரோ என்று கவலைப்பட்டார். இரண்டு அறை வீட்டில் நாலு பேர் குடியிருக்கும் இடத்தில், ராத்திரி மூன்று மணிக்கு அழுகிற குழந்தையோடு போய் ஏழு நாள் இறங்குவது உறவைக் காப்பாற்றாது. ஒரு நாள் சாப்பாட்டுக்குப் போங்கள், கைநிறையப் பழம் வாங்கிப் போங்கள், சித்தியிடம் ரசம் கேட்டு வாங்கிக் குடியுங்கள். சித்தப்பாவின் கோபம் ரசத்தில் கரைந்துவிடும் என்றேன். அவர் அவ்வளவு நம்பியதாகத் தெரியவில்லை.

2023 பிப்ரவரியில் பேத்தியோடு மறுபடி போனோம். அவளுக்கு அப்போது இரண்டு வயது. இந்தத் தடவை இடம் பார்த்தது மருமகள். பள்ளிக்கூடம் போகாத வயசுக்குப் பள்ளி விடுமுறை எதற்கு என்று முதலில் மாதத்தை மாற்றினாள். டிசம்பர், ஜனவரியில் குளிரும் பனிமூட்டமும். தீபாவளி விடுமுறை நவம்பரில் வந்தால் புகை. மே மாதம் வெயில். பிப்ரவரி கடைசி வாரம் போனால் நல்ல வெயிலும் குளிரும் கலந்து, பூவெல்லாம் பூத்திருக்கும். (பேரன் அதற்குள் ஒன்றாம் வகுப்பு, நாலு நாள் லீவு எழுதிக் கொடுத்தோம்.) கிரீன் பார்க்கில் ஒரு வீட்டின் முதல் மாடியை விருந்தினர் விடுதியாக மாற்றியிருந்தார்கள். இரண்டு அறை, நடுவில் ஒரு கூடம், வேப்ப மரத்தைப் பார்த்த வராந்தா, கம்பி போட்ட ஜன்னல். வாடகையைச் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. வாயைத் திறக்கவில்லை.

அங்கிருந்து மெட்ரோவின் மஞ்சள் தடத்தில் மூன்றாவது நிறுத்தம் ஜோர் பாக். இறங்கி நடந்தால் லோதி தோட்டம். கட்டணம் கிடையாது. பதினைந்தாம் நூற்றாண்டு சுல்தான்களின் சமாதிகளைச் சுற்றிப் புல்தரையும் அணிலும். பேத்தி தினமும் காலையில் அங்கே ஓடினாள், பகலில் வந்து தூங்கினாள். மூன்றடி உயரத்துக்குக் குறைந்த குழந்தைக்கு டில்லி மெட்ரோவில் டிக்கெட் இல்லை என்பது என் கணக்குக்கு ஒரு சின்ன ஆறுதல். அதே தடத்தில் ராஜீவ் சௌக், புது டில்லி ஸ்டேஷன், சாந்தினி சௌக், மறுபக்கம் குதுப்மினார் எல்லாம் வந்துவிடுகின்றன. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் தங்கவேண்டிய அவசியம் 2002இல் மெட்ரோ ஓட ஆரம்பித்தபிறகு மெல்ல மெல்லப் போய்விட்டது. என் புத்தியில்தான் அது போகாமல் இருந்தது. நடுவில் ஒரு நாள் ராஷ்டிரபதி பவன் தோட்டம் போனோம். மொகல் தோட்டம் என்ற பெயரை அந்த ஜனவரியில்தான் அம்ருத் உத்யான் என்று மாற்றியிருந்தார்கள். இன்னொரு நாள் சாணக்கியபுரி ரயில் மியூசியம், பொம்மை ரயில். (திங்கட்கிழமை போய்விடாதீர்கள், மூடியிருக்கும். மிருகக்காட்சி சாலைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.) நான்கு நாளில் நாங்கள் பார்த்தது அவ்வளவுதான். மத்தியானம் குழந்தை தூங்கும்போது மருமகள் வராந்தாவில் நாற்காலி போட்டுக்கொண்டு ஏதோ தடித்த புத்தகத்தைப் படித்துக்கொண்டிருப்பாள். நாங்களும் எங்கேயும் போகவில்லை.

இளைஞர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு போனார். நேற்று டெலிபோன் செய்தார். ஆறு ஓட்டலுக்குப் பேசியதில் நாலு இடத்தில், "ஜன்னல் எதைப் பார்த்துத் திறக்கிறது" என்ற கேள்விக்கு, "ஏ.ஸி. இருக்கிறது ஸார், ஜன்னல் எதற்கு" என்று பதில் வந்ததாம். ஐந்தாவது இடத்தில் ஓர் அம்மாள், குழந்தைக்கு என்ன வயசு என்று கேட்டுவிட்டு, கட்டிலை எடுத்துவிட்டுத் தரையில் மெத்தை போடட்டுமா என்று தானாகவே கேட்டாராம். வாடகை கொஞ்சம் அதிகம்தான் என்று இழுத்தார். வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன்.

"இன்னும் அவளைக் கேட்கவில்லை ஸார்" என்றார். போனை அவரிடம் கொடுங்கள் என்றேன்.